கழுவக் கூடாத கிறைண்டர்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குளிருக்கென்று வாங்கிய மின்சாரப் போர்வை பற்றிய கூட்டு வழக்கு. அப்படி ஒரு வழக்கு நடப்பதே எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் அதுதான் முறை. ஒரே குறையுள்ள பொருளை வாங்கிய எல்லோருக்குமாக ஒருவர் முன்னின்று வழக்குப் போடுவார். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காத மற்ற எல்லோரும் தானாகவே உள்ளே. மின்னஞ்சலில் மூன்றே வரிகள் இருந்தன. வழக்கு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஆணையத்தின் வழிகாட்டலுக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மூன்று வரிகளையும் வருடக்கணக்காக என் வாயால் சொன்னவன் நான். அழுதவர்களுக்கும் சொன்னேன், ஏசியவர்களுக்கும் சொன்னேன். இப்போது அதை ஒரு இயந்திரம் அனுப்புகிறது. கீழே 'இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்' என்று வேறு போட்டிருந்தது. நான் எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடியும் எழுதினேன்.

"ஆரோட சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்டாள் என் மனைவி ஸ்டெல்லா.

"இவைக்கு ஆக்களோட கதைக்கத் தெரியேல்லை."

"நீங்கள் பென்சன் எடுத்தாச்சு. போர்வையைப் போத்திக்கொண்டு படுங்கோ."

"அந்தப் போர்வைக்குத்தானப்பா வழக்கு!"

'எதுவும் செய்யத் தேவையில்லை' என்று நம்மவர்களிடம் சொல்வது எவ்வளவு பெரிய பாடு என்று அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். பரமேஸ்வரி அக்காவின் கிறைண்டரோடு மாரடித்தவன் நான்.

மன்னாரில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதிப் பழகிய கை என்னுடையது. சிட்னிக்கு வந்ததும் அந்தக் கை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் நிலவறையில் நோயாளர் கோப்புகளை வண்டிலில் வைத்துத் தள்ளியது. மாலை நேரத்தில் சட்ட உதவியாளருக்கான படிப்பை முடித்துக்கொண்டு பரமட்டாவில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலில் கடிதக் கட்டுப் பிரிக்கிற வேலை. பிறகு ஒருநாள், "உனக்கு எத்தனை மொழி தெரியும்?" என்று கேட்டபடி ஹெலன் என் மேசைக்கு வந்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேதான் வேலை.

ஹெலன் கூட்டு வழக்குப் பிரிவின் தலைவி. நெட்டையான மனுசி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். அலுவலகத்துக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிடுவார். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்தையும் எழுந்து நின்று, வெறும் காலோடு, சத்தமாக வாசிப்பார். 'மிகவும்' என்று எங்கே வந்தாலும் வெட்டு. 'விரைவில்' என்று வந்தால் இரண்டு வெட்டு. "இதை நாளைக்கு நீதிபதி வாசித்தால் நீ எங்கே ஒளிந்துகொள்வாய்?" என்று கேட்பார். ஹெலன் சப்பாத்தைத் திரும்பப் போட்டால் அலுவலகத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். ஏதோ பெரிய பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொலைபேசியில் பேசுவதற்கு அவர் எனக்குத் தந்த சட்டம் சின்னது. வாக்குறுதி கொடுக்காதே. ஆறுதல் சொல்லாதே. ஊகம் சொல்லாதே. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் தமிழில் பேசுவதற்கு என்னதான் மிச்சம் என்று நான் ஹெலனிடம் கேட்கவில்லை.

கிறைண்டர் வழக்கு இப்படித்தான் வந்தது. மேசையில் வைத்துத் தோசைக்கு மா அரைக்கிற ஒரு மின்சாரக் கிறைண்டர். இங்கே தமிழ், தெலுங்கு, மலையாளம், குஜராத்தி என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் புகுந்திருந்தது. கொஞ்ச நாள் பாவித்ததும் அரைத்த மாவில் கறுப்புக் கறுப்பாகத் துகள் வந்தது. அரைக்கும் பாத்திரத்தின் உட்பூச்சு உதிர்கிறது என்பது எங்கள் வாதம். கம்பனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியவர்கள் ஒழுங்காகக் கழுவாததால் படிந்த ஊத்தைதான் அது என்று எழுதிக் கொடுத்தது. அவர்களுடைய பதில் மனுவில் இருபத்திரண்டாம் பந்தி அது.

அந்தப் பந்தி யாரைப் பற்றி எழுதப்பட்டது என்பதில்தான் எல்லா வில்லங்கமும். எங்கள் முதன்மை மனுதாரர், அதாவது எல்லோருக்குமாக முன்னின்றவர், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த பரமேஸ்வரி அக்கா. கவுன்சிலில் முறையாகப் பதிந்து வீட்டிலிருந்து இட்டலியும் தோசை மாவும் விற்றவர். அந்தப் பக்கத்தில் பிறந்தநாள் என்றால் பரமேஸ்வரி அக்காவின் இட்டலி இருக்கும். கவுன்சில்காரர் வந்து பார்த்துக் கொடுத்த சுத்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, குசினிச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். முருகன் கொஞ்சம் கீழே இருந்தார்.

ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, கமலா என்ற சிநேகிதி இட்டலியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "பரமேஸ், இட்டலிக்கு எள்ளுப் போட்டனீரோ?" என்று கேட்டுவிட்டார். உண்மையில் கேட்டாரா, குத்திக் கேட்டாரா என்பது இன்றுவரை தீராத விவாதம். அதற்குப் பிறகு ஓடர் குறைந்தது. பிறகு நின்றே போனது. ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அக்காவை அரித்தது.

முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதே அவர் சொன்னார். "தம்பி, எனக்கு நட்டஈடு ஒண்டும் வேண்டாம். என்ர குசினி ஊத்தை இல்லை எண்டு ஆரும் எழுதித் தரவேணும். அவ்வளவுதான்."

நான் மொழிபெயர்த்தேன். ஹெலன் பேனாவை வைத்துவிட்டு, "இவர்தான் நமக்கு வேண்டிய ஆள்" என்றார்.

கிறைண்டரைச் சோதிக்க வேண்டும். அது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஆய்வாளர் குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போய், மூடியையும் உடம்பையும் சேர்த்து ஒரு முத்திரைத் தாள் ஒட்டினார். யாராவது திறந்தால் அது கிழிந்து காட்டிக் கொடுக்கும். உள்ளே கடைசியாக அரைத்த மா அடியில் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. அதைத் தொடக்கூடாது. கிறைண்டரை எங்கள் அலுவலகத்தில் வைப்பதாகச் சொன்னோம். கம்பனி சம்மதிக்கவில்லை. கம்பனி தன்னிடம் தரச் சொன்னது. நாங்கள் சம்மதிக்கவில்லை. இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி வழக்கை நிறுத்தி வைத்துவிட்டார்.

காரணம் நியாயமானது. பொருட்களின் பாதுகாப்பைப் பார்க்கிற ஆணையம் இந்தக் கறுப்புத் துகள் எங்கிருந்து வருகிறது என்று ஏற்கனவே ஆராயத் தொடங்கியிருந்தது. அது வழிகாட்டல் ஒன்று வெளியிடப்போகிறது. ஒரே கேள்விக்கு நீதிமன்றமும் ஆணையமும் இரண்டு பதில் சொல்லக் கூடாது. அதுவரை எல்லாம் அப்படியே நிற்கட்டும் என்றார் நீதிபதி. கிறைண்டரும் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருக்கட்டும் என்று கட்டளையில் ஒரு வரி.

இருந்த இடம் குசினி. அடுப்புக்குப் பக்கத்தில்.

நான்தான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, வழக்கை நிப்பாட்டி வைச்சிருக்கினம். ஆணையத்தின்ர வழிகாட்டல் வரவேணும். நீங்கள் இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லை. கிறைண்டரைத் திறக்கக் கூடாது, கழுவக் கூடாது, பாவிக்கக் கூடாது."

"கழுவக் கூடாதோ?"

"கழுவக் கூடாது."

"தம்பி, என்ர குசினி ஊத்தை எண்டு எழுதினவங்கள், இப்ப அந்த ஊத்தையை என்ர குசினியிலேயே வைச்சிரு எண்டு சொல்லுறாங்களோ?"

"ஊத்தை எண்டு சொல்லாதேங்கோ அக்கா. சாட்சியம்."

"சாட்சியம் மணக்குது தம்பி."

ஹெலனின் சட்டப்படி நான் ஆறுதல் சொல்ல முடியாது. "விளங்குதோ அக்கா?" என்று மட்டும் கேட்டேன். விளங்குகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த இடைநிறுத்தக் காலம் முழுவதும் என் வேலை தொலைபேசிதான். முறை இப்படி: முதலில் பெயர், பிறகு ஊர், கிறைண்டர் வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்ற கேள்வி, பிறகு மூன்று வரிகள், கடைசியில் 'விளங்கியதா?' வெள்ளைக்காரர் என்றால் இரண்டு நிமிடத்தில் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். நம்மவர்களிடம் 'ஊர்' என்ற இடத்திலேயே தடம் புரளும். நான் கேட்டது குவேக்கர்ஸ் ஹில்லா பிளாக்டவுனா என்று. அவர்கள் சொல்வது கரவெட்டி. பிறகு நான் மன்னார் என்பது வெளியே வரும். பிறகு அவர்களுக்குத் தெரிந்த மன்னார்ப் பாதிரியார் ஒருவர் வருவார். மூன்று வரிகளுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும்.

கிளென் வேவர்லியில் இருந்து ஒரு பொறியியலாளர் அழைப்பு எடுப்பார். சேலத்துக்காரர். "சார், அந்த கமிஷன்ல என் மச்சானோட ஃபிரண்ட் ஒருத்தர் ஐ.டி.ல இருக்கார். ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

"தயவுசெய்து வேண்டாம் சார்."

"தப்பா எல்லாம் இல்ல. ஃபைல் எந்த டேபிள்ல இருக்குன்னு பார்க்கத்தான்."

இதை நான் ஹெலனிடம் சொன்னபோது அவர் மேசைக்குக் கீழே காலால் துழாவிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். அன்று பின்னேரமே எல்லோருக்கும் ஒரு கடிதம் போனது. ஆணையத்தில் வேலை செய்யும் எவரோடும், அவருடைய உறவினரோடும், உறவினரின் நண்பரோடும் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று. உறவினரின் நண்பர் வரைக்கும் போனால் போதுமா என்று ஹெலன் கேட்டார். போதாது என்றேன். ஆனால் அதற்கு மேல் எழுதத் தாளில் இடமில்லை.

பரமேஸ்வரி அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுப்பார். "வழிகாட்டல் வந்திட்டுதோ?" இல்லை என்பேன். "இருபத்திரண்டு இன்னும் இருக்கோ?" இருக்கிறது என்பேன். ஒருநாள், வீட்டுக்கு வருகிற ஆட்கள் பார்க்கிறார்கள், ஒரு துணியாவது போட்டு மூடலாமா என்று கேட்டார். ஹெலனிடம் கேட்டேன். ஹெலன் யோசித்து, கம்பனித் தரப்புக்கு எழுதி, அவர்களுடைய சம்மதமும் வாங்கிப் பதில் எழுதினார். மூடலாம், துணி சுத்தமாக இருக்கும் பட்சத்தில்.

"துணி சுத்தமா இருக்கவேணுமாமோ!" என்று அக்கா கத்தியதில் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அருகே அவருடைய மகள் துஷி, "அம்மா, ஜஸ்ட் லீவ் இட்!" என்பதும் கேட்டது. கணவர் சிவபாலன் அண்ணையின் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. தோசை நின்றுபோனதிலிருந்து அவர் பாணும் சம்பலும்தான் சாப்பிடுகிறார் என்றும், அது பற்றி ஒரு சொல் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்றும் துஷி பின்னர் சொன்னாள்.

டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னர் ஆணையம் இரண்டு தரப்புக்கும் எழுதியது. பாவித்த கிறைண்டர் ஒன்றைத் தாங்களே எடுத்துச் சோதிக்க வேண்டும், பரமேஸ்வரி அக்காவின் கிறைண்டர் பொருத்தமாக இருக்கும், எடுக்கும்போது இரண்டு தரப்பும் அங்கே இருக்கலாம் என்று. எங்களுக்கு நல்ல சந்தோசம். உள்ளே காய்ந்த மா, முத்திரை, எல்லாம் பத்திரம்.

குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனோம். ஆணையத்தின் ஆய்வாளர் ஒரு பெண்மணி. கம்பனித் தரப்பில் ஒரு இளம் சட்டத்தரணி, பண்பான பையன். அவர்கள் இருவரும் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டார்கள். ஹெலன் யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு என் காதுக்குள், "இவ நல்ல இடத்துப் பிள்ளை" என்றார்.

பிறகு எல்லோரையும் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்தார். ஆய்வாளர் விதிப்படி சாப்பிட முடியாது என்று மறுத்தார். கம்பனிப் பையன் ஒரு வடை எடுத்தான். அக்கா கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். "குறை நினைக்காதேங்கோ, குசினி சரியான ஊத்தையாக் கிடக்கு."

குசினி பளபளத்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆனால் விருந்தாளி வந்தால் நாங்கள் சொல்கிற முதல் வசனமே அதுதானே! மொழிபெயர்ப்பது என் கடமை. மொழிபெயர்த்தேன். கம்பனிப் பையன் வடையை வைத்துவிட்டு எழுதத் தொடங்கினான்.

"சேவியர்," என்றார் ஹெலன் மெதுவாக, "அவர் இப்போது என்ன சொன்னார்?"

"வணக்கம் சொன்னார்," என்றேன்.

"அப்படித் தெரியவில்லையே."

"எங்கள் ஊரில் வணக்கம் அப்படித்தான். பத்து வகைச் சாப்பாடு வைத்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். அரண்மனையில் இருத்திவிட்டுக் குடிசை என்பார்கள்." ஆய்வாளர் சிரித்துவிட்டார். தன் மாமியாரும் அப்படித்தான் என்றார். பையன் எழுதியதை வெட்டவில்லை.

அக்கா துணியை எடுத்தார். முத்திரைத் தாளின் ஒரு மூலை, சோற்று ஆவி பட்டுப் பட்டு, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது போதாதென்று கிறைண்டரின் முன்பக்கத்தில், மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில், மஞ்சளாக ஒரு பெரிய வட்டம். அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

"இது என்ன?" என்றான் பையன். "ஏதோ இரசாயனம் பூசப்பட்டிருக்கிறது. இதைத் திறந்து கழுவிவிட்டு மறைத்திருக்கிறார்கள். இந்தக் கிறைண்டரைச் சோதனைக்கு ஏற்கக் கூடாது."

ஹெலன் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அக்கா அவருடைய காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது என்ன?" என்றேன்.

"சந்தனமும் குங்குமமும். ஏன், உங்களுக்குத் தெரியாதோ? ஓ, நீங்கள் வேதக்காரர்." பிறகு மெதுவாக, பிழை விட்ட பிள்ளை மாதிரி, "ஆயுதபூசைக்கு வைச்சனான். மிக்சிக்கு வைச்சன், அடுப்புக்கு வைச்சன், இவற்ற காருக்கு வைச்சன், துஷியின்ர லப்டொப்புக்கு வைச்சன். இதை மட்டும் எப்பிடி விடுறது? இதுவும் எனக்குச் சோறு போட்டது. திறக்கக் கூடாது, கழுவக் கூடாது, பாவிக்கக் கூடாது எண்டு சொன்னீங்கள். பொட்டு வைக்கக் கூடாது எண்டு நீங்கள் சொல்லேல்லையே தம்பி."

சொல்லவில்லைதான். சொல்ல வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்?

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். வருடத்தில் ஒருநாள், இந்துக்கள் தாங்கள் தொழில் செய்கிற கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார்கள் என்று. ஆனால் பையன் அடுத்துக் கேட்ட கேள்விக்கு எனக்கும் விடை தெரியவில்லை. அத்தனை இடம் இருக்க, ஏன் சரியாக மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில்?

"நெத்தியில தானே வைக்கிறது," என்றார் அக்கா. "இதுக்கு நெத்தி எது எண்டு கனநேரம் நிண்டு பாத்தனான். முன்னுக்கு, நடுவில, இதுதான் நெத்தி மாதிரி இருந்தது."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய கையாலேயே தன்னுடைய பேரைக் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கிறைண்டர் போனால் ஆணையம் வேறு யாருடையதையாவது எடுக்கும். வழிகாட்டலும் வரும். ஆனால் பரமேஸ்வரி கழுவி மறைத்தவள் என்ற பேச்சு மட்டும் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஹெலனின் சட்டம் எல்லாம் எனக்கு மறந்து போனது. "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா," என்று சொன்னேன். அது வாக்குறுதி, ஆறுதல், ஊகம், மூன்றுமே.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "இது எப்போது வைத்தது?"

"நவராத்திரி முடிவில," என்றாள் துஷி. அவளுக்குத் தமிழ் வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தொலைபேசியை எடுத்து நீட்டினாள். பூசைப் படங்கள். குடும்ப வட்சப் குழுவில் அன்றைக்கே போட்டது. அடுப்பு, கார், லப்டொப், கிறைண்டர். கிறைண்டர் படத்தில் பொட்டு ஈரமாக மினுங்கியது. பக்கத்தில் முத்திரைத் தாள் நான்கு மூலையும் ஒட்டியபடி முழுசாக இருந்தது.

"அப்படியானால் பூசை வரைக்கும் முத்திரை கழலவில்லை," என்றார் ஆய்வாளர். "பூசைக்குப் பிறகு இந்தச் சந்தனம் மூடியையும் உடம்பையும் சேர்த்து ஒட்டிக் காய்ந்திருக்கிறது. மூடியை ஒரு தடவை அசைத்திருந்தாலும் இது உடைந்து உதிர்ந்திருக்கும். எங்கும் வெடிப்பில்லை. இதை யாரும் திறக்கவில்லை."

பையன் குனிந்து பார்த்தான். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா? எழுதி வைத்திருந்த பக்கத்தை முழுதாக வெட்டினான். பிறகு அரைகுறையாக விட்டிருந்த வடையை எடுத்தான்.

வெளியே காரில் ஏறியதும் ஹெலன் சப்பாத்தைக் கழற்றினார். பரமட்டா கிட்டியபோது, "என் அம்மா காருக்குள் ஒரு புனிதரின் பதக்கம் வைத்திருந்தார்," என்றார். "அதில்லாமல் கராஜை விட்டு வெளியே எடுக்கமாட்டார்." பிறகு சிரிக்கத் தொடங்கினார். சமிக்ஞை விளக்குச் சந்தியில் பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அன்றிலிருந்து எங்கள் நிறுவனத்தின் எல்லாச் சாட்சியப் பாதுகாப்பு அறிவுறுத்தலிலும் ஒரு வரி சேர்ந்தது. 'சமய நோக்கத்துக்காகவும் எந்தப் பொருளையும் பூச வேண்டாம்.' அதை எழுந்து நின்று வாசிக்கும்போது ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிடும். திரும்பத் தொடக்கத்திலிருந்து வாசிப்பார்.

வழிகாட்டல் இலையுதிர் காலத்தில் வந்தது. கறுப்புத் துகள் உட்பூச்சிலிருந்தே வருகிறது, எவ்வளவு ஒழுங்காகக் கழுவினாலும் வரும், இந்தக் கிறைண்டரைப் பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். வழக்கின் இடைநிறுத்தம் நீங்கியது. கம்பனி இணக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே திருத்திய பதில் மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. நான் ஓடிப்போய் அக்காவுக்கு எடுத்தேன். "இருபத்திரண்டை வெட்டியாச்சு அக்கா!"

பிரதி வேண்டும் என்றார். அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை எடுத்தார். குரல் சரியில்லை.

"தம்பி, வெட்டினது எண்டு சொன்னீங்கள். நடுவால ஒரு கோடு கீறியிருக்கு. அவ்வளவுதான். இன்னும் வாசிக்கக் கூடியதாத்தான் கிடக்கு."

சட்டத்தில் வெட்டுவது அப்படித்தான், பழையது தெரியத்தான் வேண்டும் என்று விளக்கினேன். அக்கா ஏற்கவில்லை. கோடு கீறின ஊத்தையும் ஊத்தைதான் என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, இத்தனை காலமும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "இப்ப கழுவலாமோ?"

ஹெலன் அதற்கும் எழுத்தில்தான் பதில் கொடுத்தார். எழுந்து நின்று வாசித்தார். ஒரே வரி. வெட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 'நீங்கள் இப்போது கிறைண்டரைக் கழுவலாம்.'

ஆணையம் திருப்பித் தந்த கிறைண்டரை நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டின் பின்வளவில் நிறையப் பெண்கள் கதிரை போட்டு இருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓடர் கொடுப்பதை நிறுத்திய அத்தனை பேரையும் அக்கா தேத்தண்ணீருக்கு அழைத்திருந்தார். முன்வரிசையில் கமலா.

அக்கா கிறைண்டரை என் கையிலிருந்து வாங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியில் கிறைண்டரை வைத்தார். ஆணையத்தார் கிண்டி எடுத்தது போக அடியில் மிச்சமிருந்த மாவை ஊறவைத்துச் சுரண்டினார். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். தேசிக்காய் வெட்டிப் போட்டுத் தேய்த்தார். பாத்திரம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. வெள்ளைத் துணி ஒன்றால் உள்பக்கத்தைத் துடைத்து, கமலாவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். கறுப்பு. திரும்பக் கழுவினார், திரும்ப வேறு துணி. கறுப்பு. இன்னும் ஒரு தடவை கழுவினார். இந்தத் தடவை துணியைக் கமலாவின் கையிலேயே கொடுத்தார்.

கமலா எழுந்து வந்து தானே உள்ளே விட்டுத் துடைத்தார். துணியை வெளியே எடுத்துப் பார்த்தார். வெயிலில் பிடித்தும் பார்த்தார். கறுப்பு. எல்லோரும் கமலாவின் வாயையே பார்த்தார்கள்.

"பரமேஸ்," என்றார் கமலா, துணியை மடித்தபடி. "வாற ஞாயிறு என்ர பேரனுக்குப் பிறந்தநாள். அறுபது இட்டலி வேணும்."

அக்கா கையைக் கழுவினார். துடைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இப்ப நான் ஓடர் எடுக்கிறேல்லை," என்றார். "கிறைண்டரும் இல்லை. பாப்பம். யோசிச்சுச் சொல்லுறன்."

எல்லோரும் போன பிறகு என்னை வழியனுப்பக் கார்வரைக்கும் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, புதுக் கிறைண்டர் வாங்கிப் பொட்டும் வைச்சிட்டன். உளுந்து விடியவே ஊறப் போட்டாச்சு."